எமனுடைய எருமை இரண்டாம் முறை வந்தபோது

"…நடிப்பு இல்லண்ணா அது! சிரிப்புக்கு அவரு எப்படிக் காலை உதைப்பாருன்னு எனக்குத் தெரியாதா? மூச்சு முட்டுது அவருக்கு. நீங்க இன்னா, நோட்டைப் பிடிச்சிக்கினு நிக்கிறீங்க?"

மேடைக்குப் பக்கத்தில், சாக்குப் படுதாவுக்குப் பின்னால், என் முழங்கையைப் பிடித்து உலுக்கியபடி இதைச் சொன்னவள் என் நண்பனின் மனைவி. அவள் புருஷன் அந்த நிமிஷம் மேடையில் ஓர் எருமைத் தலைக்குள் இருந்தான். அந்தத் தலையை அவன் கழுத்தோடு வைத்துத் தைத்தவன் நான். எதிரே, நாங்கள் வேலை செய்த ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பின் காயப்போடும் களம் முழுக்க ஜனம் உட்கார்ந்து, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் இதைச் சொன்னதற்கும் அடுத்து ஒன்றைச் செய்ததற்கும் நடுவே பத்து எண்ணுகிற நேரம்கூட இருக்காது. ஆனால் அந்த இடத்தில் நாங்கள் வந்து எப்படி மாட்டினோம் என்று சொல்ல, முந்தின வருஷத்து மாட்டுப் பொங்கலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அணா போய் நயா பைசா வரப்போகிறது என்று ஊரெல்லாம் குழம்பிக்கொண்டிருந்த சமயம் அது.

நான் அந்த ஷாப்பில் தோலை ரகம் பிரித்து முத்திரை குத்துகிறவன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில்தான். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை பேசினால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுகிற பழக்கம் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. டீக்கடை, சுண்ணாம்புக் குழி, ரயிலடி, எங்கே கேட்டாலும் எழுதிவிடுவேன். அப்படிச் சேர்ந்த வார்த்தைகளை வைத்து ஒரு நாடகம் எழுதினேன். பதினோரு நாளில் எழுதி முடித்தேன்.

கதை ஒன்றும் பெரிசில்லை. எமனைச் சுமந்து சுமந்து அலுத்துப்போன அவனுடைய எருமைக் கடா, ஒருநாள் அவனைப் பாலாற்று மணலில் இறக்கிவிட்டு ஓடிவந்து விடுகிறது. வந்த ஊர் ஆம்பூர். எருமை கிடைத்தால் உரித்து ஊறப்போட்டுப் பதம் பண்ணி அனுப்பிவிடுகிற ஊரிலா வந்து ஒளிவது என்று அதற்கே நடுக்கம். மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. பாலுக்கு ஆச்சு என்று மாமியார் பிடித்துக் கட்டிவிடுகிறாள். மறுநாள் விடிந்ததும் சொம்போடு வந்து உட்காருகிறாள். எருமை திரும்பிப் பார்த்து, "யம்மா, நான் ஆம்பளம்மா" என்கிறது.

வாகனம் இல்லாத எமன் நடந்தே ஊர் ஊராகத் தேடுகிறான். மாதனூரில் பஸ் ஏறினால், "கயிறு லக்கேஜு, அதுக்குத் தனி டிக்கெட்டு" என்று கண்டக்டர் இறக்கிவிடுகிறான். எமன் வந்து சேராததால் அந்த வீட்டுக் கிழவரின் உயிரும் போகவில்லை. கடைசியில் வீட்டார் எல்லாரும் எமனோடு பேசித் தீர்த்து எருமையை அனுப்பி வைக்கிறார்கள். போகும்போது எருமை ஒரு நிபந்தனை போடுகிறது: "மாட்டுப் பொங்கலுக்கு மட்டும் எனக்கு லீவு வேணும்."

எமனாக நடித்தது எங்கள் மேஸ்திரி. எருமை என் நண்பன். சுண்ணாம்புக் குழியில் நீளக் கிடுக்கி வைத்துத் தோலை இழுத்துப் போடுகிற வேலை அவனுக்கு. நெட்டை ஆள். இரண்டு புருவமும் தனித்தனியாக ஏறி இறங்கும். அவன் சும்மா நின்றாலே பக்கத்தில் இருப்பவனுக்குச் சிரிப்பு வரும்.

எருமைத் தலையைக் கோணிச் சாக்கில் செய்திருந்தோம். மேலே கரி, காகிதக் கூழில் கொம்பு. பால் கறக்கிற காட்சியில் அவன் திரும்பிய வேகத்தில் அந்தத் தலை கழன்று மார்பில் தொங்கியது. கரியும் வேர்வையுமாக அவன் முகம் வெளியே வந்துவிட்டது. நான் படுதாவுக்குப் பின்னால் பல்லைக் கடித்தேன். அவன் நிதானமாக மாமியாரைப் பார்த்தான். ஒரு புருவத்தை ஏற்றினான்.

"உள்ள ரொம்பப் புழுக்கம்மா" என்று சொல்லிவிட்டு, தலையை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

களம் கிடுகிடுத்துப் போயிற்று. பொம்பளைகள் பக்கத்தில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் மடியிலிருந்த பிள்ளையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து ஓடினாள். அந்தத் தலை அன்றைக்கு நாலு தடவை கழன்றது. நாலு தடவையும் அவன் ஏதோ ஒன்று சொன்னான். நான் எழுதியதில் அது ஒன்றும் கிடையாது.

அதற்கப்புறம் ஊருக்கே அவன் எருமை ஆகிவிட்டான். குழாயடியில் அவன் மனைவியைப் பார்த்தால், "எருமை பொண்டாட்டி வந்துட்டா, வழி வுடுங்கடி" என்பார்கள். அவளும் தோல் பதம் பண்ண ஆவாரம் பட்டை இடிக்கிற இடத்தில் ஆம்பளைகளுக்கு நடுவில் வேலை செய்கிறவள்தானே. குடத்தை இறக்காமலே சொல்லுவாள்: "ஆமாடி, எங்க வூட்டு எருமை பேசும். உங்க வூட்டுது தின்னுட்டுத் தூங்கத்தான் தூங்கும்." இதையும் எழுதி வைத்திருந்தேன்.

போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. "அடுத்த பொங்கலுக்கு லீவுல வருதா?" ஜனம் தானாகவே வந்து கேட்ட அந்தக் கேள்வி எனக்குத் தலையில் ஏறிவிட்டது. முதலில் எழுதியதைவிட ஒரு படி மேலே போக வேண்டும் என்று இரண்டாம் பாகத்தை ஒன்பது மாதம் எழுதினேன். எல்லாவற்றையும் இரண்டு மடங்கு ஆக்கினேன். ஓர் எமன் போதாதென்று இரண்டு எமதூதர்கள். எருமை பறக்க வேப்பமரக் கிளையிலிருந்து கயிறு. இடி இடிக்கத் தகரம். போன தடவை மாமியார், மருமகள், கிழவர் என்று ஒரு வீடு இருந்தது. இந்தத் தடவை எமலோகம், மேகம், மறுபடி எமலோகம். அந்த வீடு இரண்டு காட்சியில் மட்டும் வந்தது. எழுதும்போது அது எனக்குத் தெரியவே இல்லை.

மேஸ்திரி ஒருநாள், "தோல் ஊர்ல இருந்துக்கினு சாக்குல எருமை செய்யறது நமக்கே அவமானம்யா" என்றார்.

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. எருமைக் கன்றுத் தோல் ஒன்று, மயிரோடு, எடுத்தோம். ஊறவைத்து, பெரிய பானை ஒன்றின் மேல் இழுத்துப் போர்த்தி, மூக்கும் தாடையும் வருகிற மாதிரி உள்ளே களிமண் அடைத்துக் கட்டினோம். நிஜக் கொம்பு வைத்தோம். பச்சைத் தோலை அப்படியே பானை மேல் முழுக்கக் காயவிட்டால் மரம் மாதிரி ஆகிவிடும். பிறகு அது நீளாது, சுருங்காது. ஆனால் அந்தத் தை மாதம் பனி விடாமல் பெய்தது. விடிந்து வெகுநேரம் வரைக்கும் எதிரே வருகிற ஆள் தெரியமாட்டான். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. உள்பக்கம் காயவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் நண்பனின் மனைவி வந்து பார்த்தாள். பானையை உடைத்து எடுத்திருந்த தலைக்குள்ளே கையை விட்டுத் துழாவினாள்.

"ஜில்லுனு இருக்குதேண்ணா. இன்னும் காயலை."

"மேடையில நல்ல வெய்யில் தங்கச்சி. அங்க காஞ்சிடும்" என்றேன்.

"ஆளு உள்ள இருக்கும்போதா காயணும்?"

எனக்கு அந்த வார்த்தை அவ்வளவு பிடித்துப்போயிற்று. எருமைக்கே ஒரு வசனமாக வைக்கலாமே என்று அப்போதே நாடக நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டேனே தவிர, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

எங்களுக்குத் தெரியாத விஷயமா அது? பச்சைத் தோலைப் பலகையில் ஆணி அடித்து வெயிலில் வைத்தால், காய்கிற வேகத்தில் அது சுருங்கி ஆணியையே வளைத்துவிடும். தினம் பார்க்கிறோம். ஊரில் வேறு யார் செய்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள். சாக்கோ அட்டையோ வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். தோல் நம் கைப்பழக்கம் என்ற தெம்பு எங்களைக் கெடுத்தது.

அதற்கு மேல் நான் ஒன்று செய்தேன். போன வருஷம் நாலு தடவை கழன்ற தலை இந்த வருஷம் கழலவே கூடாது என்று முடிவு பண்ணினேன். தலையின் பின்பக்கத்தை உச்சியிலிருந்து பிடரி வரை கீறி, அவன் மாட்டிக்கொண்டதும் தோல் வாரால் இழுத்துத் தைத்தேன். வார் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று அதையும் தண்ணீரில் நனைத்தேன். தொண்டையைச் சுற்றி ஒரு கட்டு. பிடரியில் முடிச்சு.

"எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"தோஸ்த், மாமியா வூட்டு மெத்தை மாதிரி ஜம்முனு இருக்குது" என்றான் உள்ளே இருந்து. குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருந்தது.

மூன்று மணிக்கு நாடகம் ஆரம்பித்தது. மேடை மேற்குப் பார்த்தது. அன்றைக்கென்று பனி விட்டு வெயில் வெள்ளையாக அடித்தது. பாலாற்றுப் பக்கமிருந்து வறண்ட காற்று. சேலை காயப்போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் மடித்திருக்கலாம்.

எருமை மேடைக்கு வந்ததும் களம் "அப்பா!" என்றது. முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகள் இரண்டு பயந்து அழுதன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு சரி. முதல் காட்சி முடிந்தது, ஒரு சிரிப்பு இல்லை. வசனம் மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை. எருமை கயிற்றில் பறந்தபோது கை தட்டினார்கள். கீழே இறங்கியதும் சும்மாயிருந்தார்கள். ஜனத்துக்குள்ளிருந்து ஒருத்தர், டீக்கடைக்காரர் குரல் என்று நினைக்கிறேன், சத்தமாகவே சொன்னார்: "போன வருசம் வந்தது நம்ம வூட்டு எருமை. இது சர்க்கஸ் எருமை."

 அது உண்மை என்று கேட்ட உடனே தெரிந்துவிட்டது. புருவம் எங்கே? அந்த வேர்வை எங்கே? ஜனம் ஒரு வருஷம் காத்திருந்து பார்க்க வந்த முகத்தை நானே தைத்து மூடி வைத்திருந்தேன். மேஸ்திரி எமன் கிரீடத்தோடு திரும்பி என்னைப் பார்த்து, என்னய்யா செய்யறது என்று கண்ணால் கேட்டார். நடத்துங்க என்று கையைக் காட்டினேன்.

மூன்றாம் காட்சி பழைய வீடு. மேடையில் எருமைக்கு ஒரு கழுநீர்த் தொட்டி. ஷாப்பிலிருந்து கொண்டுவந்த பாதிப் பீப்பாய், நிறையத் தண்ணீர். எமன் எருமையைத் திரும்பி வரச்சொல்லிக் கெஞ்ச வேண்டும். எருமை பதில் சொல்ல வேண்டும்.

எருமை பதில் சொல்லவில்லை.

நான் நோட்டைப் பார்த்து வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். "எனக்கு ஒரு பேர் கூட வைக்கலையே சாமி… சொல்லு…" அவன் தலையை இடமும் வலமும் ஆட்டினான். காலால் பலகையை உதைத்தான். "ம்ம், ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது. மேஸ்திரி வசனத்தை அவரே மாற்றி, "இன்னாடா, கோவமா?" என்று கதாயுதத்தால் அவன் முதுகில் ஒன்று வைத்தார். எருமை சுருண்டு எழுந்து மறுபடி உதைத்தது.

களத்தில் சிரிப்பு வெடித்தது. அன்றைக்கு வந்த முதல் சிரிப்பு.

நான் இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வந்துடுச்சு, பழையபடி வந்துடுச்சு என்று நினைத்தேன். அவன் உதைக்க உதைக்க ஜனம் சிரித்தது. ஜனம் சிரிக்கச் சிரிக்க மேஸ்திரிக்கு உற்சாகம் ஏறி இன்னும் இரண்டு அடி வைத்தார். வசனம் எடுத்துக் கொடுக்கிறதைக்கூட விட்டுவிட்டேன். அவனே ஏதோ புதுசாகச் செய்கிறான், போன வருஷம் செய்தானே அது மாதிரி, என்று விட்டுவிட்டேன்.

அப்போது அவன் படுதாப் பக்கம் திரும்பினான். கண்ணுக்கு என்று நாங்கள் வெட்டிய ஓட்டையில் கண் இல்லை. நெற்றிதான் தெரிந்தது. தோல் இழுத்து, ஓட்டையே மேலே ஏறிவிட்டிருந்தது. வாய்க்கு என்று விட்டிருந்த கீற்று ஒட்டி ஒரு கோடாகக் கிடந்தது. இரண்டு கையாலும் அவன் கழுத்தைப் பிறாண்டினான். ஜனம் அதற்கும் சிரித்தது.

அந்த நேரத்தில்தான் பொம்பளைகள் பக்கத்திலிருந்து எழுந்து, ஆட்களை மிதித்துக்கொண்டு ஓடி வந்து, அவன் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். நான் ஆரம்பத்தில் எழுதிய வார்த்தைகளைச் சொன்னாள்.

நான் வார் அறுக்கிற கத்தியை எடுத்தேன். எடுத்ததும் புரிந்தது. அந்தக் கட்டுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஒரு நூல்கூட நுழையாது. கத்தியை எங்கே விடுவது? கத்தியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன். அவள் கத்தியையும் பார்த்தாள், என் கையையும் பார்த்தாள். என்னை ஒதுக்கிவிட்டு மேடைக்குப் போனாள்.

எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பொம்பளையும் மேடை ஏறியதில்லை. மாமியாரும் மருமகளும்கூட ஆம்பளைகள்தான். முன்வரிசை கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு யாரோ, "டேய், எருமை பொண்டாட்டி வந்துட்டாடா!" என்று கத்த, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மேஸ்திரியின் கதாயுதத்தைப் புறங்கையால் தள்ளினாள். புருஷனின் தோளை அமுக்கித் தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட வைத்தாள். தொட்டியில் கிடந்த சொம்பை எடுத்து அவன் பிடரியில் தண்ணீரை ஊற்றினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பலகை மாதிரி காய்ந்து வருகிற தோலுக்கு எங்கள் ஷாப்பில் முதல் வேலை தண்ணீர்தான். இவ்வளவு பேர் தோல்காரர்கள் அங்கே இருந்தோம். கத்தியைத்தான் தேடினோம்.

ஒரு சொம்பு. இரண்டு. மூன்று. ஊற்றி, உள்ளங்கை அடியால் தொண்டைக் கட்டைப் பிசைந்தாள். மறுபடி ஊற்றினாள். அவன் விரல்கள் மேடைப் பலகையைப் பிடித்துப் பிடித்து விட்டன. பிறகு பிடிப்பது குறைந்தது. சிரிப்பு முன்வரிசையிலிருந்து நின்றுகொண்டே பின்னால் போயிற்று. கடைசியில் களத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான். மேஸ்திரி கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "யா அல்லா, சாமி, யாராச்சும்…" என்று முணுமுணுத்தார்.

அவள் ஒரு விரலை உள்ளே நுழைத்தாள். அப்புறம் இரண்டு. குனிந்து, பிடரி முடிச்சைப் பல்லால் கவ்வி இழுத்தாள். வராததால் தலையைத் திருப்பிக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். வார் வழுக்கிற்று. முடிச்சு விட்டது. இரண்டு கொம்பையும் பிடித்து, குழியிலிருந்து தோல் இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பு.

அவன் முகம் வெளியே வந்தது. கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. முதல் மூச்சை அவன் இழுத்த சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். இன்னொன்று இழுத்தான். இன்னொன்று. கண்ணைத் திறந்து எதிரே இருந்த ஜனத்தைப் பார்த்தான். ஒரு புருவம், ஒன்றே ஒன்று, மெதுவாக ஏறியது.

"உள்ள… ரொம்பப் புழுக்கம்மா" என்றான். குரல் கிழிந்து வந்தது.

களம் எழுந்து நின்றுவிட்டது. சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்குத் தெரியாது. என் காதில் ஒன்றும் விழவில்லை. அவள் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். படுதாவுக்கு இந்தப் பக்கம் வந்தாள். என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கினாள். திரும்பி மேடைக்குப் போய், தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊறப்போடுகிற தோலை அமுக்குவதுபோல இரண்டு கையாலும் அதைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.